மஞ்சளா, பச்சையா

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதைப் படித்துவிட்டு யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்வாய். உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. வருடக் கடைசி, விடுதி காலியாகும் நேரம், உட்காரவே முடியவில்லை. குட்டிக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் உரிக்கிறாள். சுவரில் பெயிண்டைக்கூட விடுவதில்லை.

பல்கலைக்கழகத்தில் வேலை என்று நீ எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாய். என் ஆபீஸ் விடுதிக்கு அடியில் ஒரு குடோன். ஜன்னல் கிடையாது. மாணவர்கள் விட்டுப்போகும் கெட்டில், மேசை விளக்கு, போர்வை, பாதி தீர்ந்த ஷாம்பு எல்லாவற்றையும் வாங்கித் துடைத்து, புதிதாக வருகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறோம். பிள்ளைகள் வைத்த பெயர் சும்மாக்கடை. போன வாரம் ஒருத்தன் வந்து, "அக்கா, சும்மா ஒரு லவ்வர் கிடைக்குமா?" என்றான். "ரிப்பேர் ஆனதுதான் இருக்கு, பரவாயில்லையா?" என்றேன்.

லீவுக்குப் போகிறவர்களின் பெட்டிகளும் அங்கேதான் இருக்கும். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளும் பெட்டிக்கு மஞ்சள் ஸ்டிக்கர், அதில் அறை எண். தானத்துக்குப் பச்சை. எதுவுமே ஒட்டாமல் போட்டுவிட்டுப் போனால் நானே பச்சை ஒட்டிவிடுவேன். வியாழக்கிழமை வேன் வந்து பச்சையை எல்லாம் ஏற்றிக்கொள்ளும். துணி ஆதரவற்றோர் இல்லங்களுக்கு, காகிதம் கூழாக்க ஆலைக்கு.

மூன்று வாரம் முன்னால் கிரெஷ்ஷில் அம்மை என்று மூடிவிட்டார்கள். இவர் வெளியூரிலிருந்து சனிக்கிழமைதான் வருவார். அன்று வியாழக்கிழமை, குட்டியை யாரிடம் விடுவது? குடோனுக்குள் குழந்தைகளை அழைத்துவரக் கூடாது என்று கதவிலேயே எழுதியிருக்கிறது, எழுதி ஒட்டியதும் நான்தான். வேன் ஓட்டும் அண்ணன், "மழையில எங்கம்மா நிப்பீங்க? உள்ள கூட்டிட்டு வாங்க, நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்று ஒரு காலி அட்டைப்பெட்டியில் அவளை உட்கார வைத்தார். அதிலிருந்து எப்போது இறங்கினாள், எங்கெல்லாம் போனாள், நான் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஊரிலிருந்து திரும்பினாள். "அக்கா, என் பெட்டி?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பெட்டி இல்லை. மூன்று வருடமாக ஓர் ஆற்றின் தண்ணீரை வாராவாரம் அளந்து கையால் எழுதிய பதினோரு நோட்டுகள் அதில் இருந்தன. ஆலைக்குப் போன் செய்தோம். அரைத்தாகிவிட்டது என்றார்கள். அவள் கத்தவில்லை. "நான் மஞ்சள்தானே ஒட்டினேன்?" என்று என்னையே கேட்டாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, அக்கா.

விடுதி அதிகாரி வேன் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "கலர்கூடப் பார்க்கத் தெரியாதா?" என்றார். அண்ணன் ஒப்பந்த ஆள், ஒரு புகார் போதும். அவர் குட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெளியே வந்து, "விடுங்கம்மா, வண்டி ஓட்டவா இடம் இல்ல? நீங்க கைக்குழந்தைக்காரி" என்றார். அவர் வீட்டிலும் இரண்டு பேர் படிக்கிறார்கள்.

இன்று குட்டியின் மழை ஷூவைக் கழுவினேன். அன்றைக்குப் பிறகு அதைப் போடவே இல்லை. அடியில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர், அழுக்கேறிப்போய். அறை எண் மட்டும் தெரிகிறது. அந்தப் பெண்ணின் அறைதான்.

குட்டி உரித்தாளா? பசை காய்ந்து தானே விழுந்ததா? பச்சையை ஒட்டியது அவளா, நானா? அன்று இருபது பெட்டிக்காவது நான் பச்சை ஒட்டியிருப்பேன். அவ்வளவு கனமான பெட்டியைத் திறந்து பார்த்திருக்க மாட்டேனா? யோசித்தால் ஒட்டியதுபோல் இருக்கிறது, மறுபடி யோசித்தால் இல்லை. குட்டியைக் கேட்டால் "நானு, நானு" என்கிறாள். நிலாவை யார் உடைத்தது என்று கேட்டாலும் அதையேதான் சொல்வாள். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நாளை பத்து மணிக்கு அண்ணன் மேல் விசாரணை. உனக்குப் போன் செய்யலாம்தான். "வாயை மூடிட்டு இரு, உனக்கும் புள்ளை இருக்கு" என்பாய். நீ சொன்னால் நான் கேட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம். இது உன் கைக்கு வர ஒரு வாரமாகும்.

எது நடந்தது என்றே தெரியாமல் என்னத்தைச் சொல்லப்போகிறாய் என்று கேட்பாய். குழந்தை உள்ளே இருந்தாள் என்பது தெரியுமே.

திட்டுவதென்றால் கடிதத்தில் திட்டு, நான் எடுத்துப் படித்துக்கொள்கிறேன். அத்தானிடம் சொல்லிவிட்டு, முடிந்தால் ஒரு வாரம் இங்கே வந்து இரேன். என்றைக்கு வருகிறாய் என்று முன்கூட்டி எழுத வேண்டாம். எந்த நேரத்துக்கு வந்தாலும் நான் வீட்டில்தான் இருப்பேன்.

உன் பிரியமுள்ள தங்கை