பேப்பரில் ஒற்றிய எண்ணெய்

மேலகரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நாச்சியார் அக்காவுக்கு,

இசக்கிச்செல்வியின் நாலாங்கிளாஸ் டீச்சர் நூர்நிஷா எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் பக்கத்து வீட்டு யோகலட்சுமிதான் திருப்பூர் விலாசம் தந்தாள். உங்களுக்கு வாசிக்க வராது, மகள்தான் வாசித்துக் காட்டுவாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இங்கே சாரல் விட்டபாடில்லை. குற்றாலத்தில் ஒரே கூட்டம். நீங்கள் சிப்ஸ் போட்ட கடை அடுப்பில் இப்போது வேறொருத்தி நிற்கிறாள்.

எல்லாம் என் கிறுக்குப் புத்தியால் வந்தது. நல்ல சாப்பாடு எது என்று பாடம் எடுத்த அன்று, சிப்ஸை நியூஸ்பேப்பரில் வைத்து அழுத்தி, ஊறிய எண்ணெயைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். நாலு பேருக்குச் சொல்லுங்கள் என்று வேறு சொல்லிவிட்டேன். இசக்கிச்செல்வி அந்த ஞாயிறே நீங்கள் வேலை பார்த்த கடை வாசலில் பேப்பரோடு நின்று, வந்தவர்களிடமெல்லாம் "இதத் திங்காதீய, வயித்துக்கு ஆகாது, எங்க டீச்சர் சொன்னாவ" என்று ஒற்றிக் காட்டுவாள் என்று நான் கண்டேனா? கடைக்காரர் அன்றைக்கே உங்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். பிழைப்புத் தேடி நீங்கள் ஊரை விட்டே போகும்படி ஆயிற்று.

மூன்று தடவை போய்க் கெஞ்சினேன், அக்கா. "புள்ளைக்கு நல்லாத்தான் படிச்சுக் குடுத்திருக்கீங்க. சோறும் நீங்களே போடுங்க டீச்சர்" என்றார். அந்த மனுஷனைத் திட்டக்கூட எனக்கு முகமில்லை. கடையில் மிஞ்சும் உடைந்த சிப்ஸ்தான் அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு என்பதை ஒரு நாளாவது கேட்டேனா? கீரை, முட்டை, பழம் என்று போர்டு நிறைய எழுதிப் போட்டேன். பாவி நான்.

இப்போது பனியன் கம்பெனி விட்டு வரும்போது நீங்கள் வாங்கி வரும் பரோட்டாவையும் பேப்பரில் ஒற்றிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைக்கிறாளாமே? டீத்தண்ணியோடு படுத்துவிடுகிறாளாமே? யோகலட்சுமி சொல்லக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளை வையாதீர்கள். டி.சி. வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். கடிதம் கிடைத்ததுமே அங்கேயுள்ள அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். மதியச் சோறாவது கிடைக்கும்.

ஏட்டி இசக்கிச்செல்வி, இனி உனக்கு. உன் மேல் ஒரு தப்பும் இல்லை. முப்பத்திரண்டு பிள்ளைகளில் டீச்சர் சொன்னதை அப்படியே கேட்டவள் நீ ஒருத்திதான். இதையும் கேளு. அந்தப் பேப்பரைத் தூரப் போடு. அம்மா எது தந்தாலும் தின்னு, தாயே.

உன் வயிறு நிறையட்டும் என்று அல்லாவிடம் கேட்கும்,
உன் டீச்சர்
நூர்நிஷா.