மணலை ருசித்த வாய்

வியாழன், இரவு.

இன்று ஊரே பார்க்க ஒரு வாய் மணலைத் தின்றேன். முத்தையாபுரத்தில் அக்கா கட்டும் வீட்டைக் குளிர்விக்க மண்ணுக்குள் தண்ணீர் ஓடும் பிளாஸ்டிக் குழாய் பதிக்கிறார்கள். பள்ளத்தை மூட லாரியில் மணல் வந்தது. கடல் மணலென்றால் அதிலிருக்கும் சிப்பித் துண்டு குழாயை அறுத்துவிடும்.

"ஆத்து மணலுதான் அண்ணாச்சி," என்று டிரைவர் சத்தியம் செய்தான். நான் நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பே இல்லையென்று தீர்ப்புச் சொன்னேன்.

"தம்பி சொன்னா சரிதான், மூடுங்க," என்றாள் அக்கா. மூடிவிட்டார்கள். நாளை காலையில் மேலே தளம் போடுகிறார்கள்.

சாயங்காலம் அக்கா மிச்ச மணலில் ஒரு சிப்பித் துண்டைப் பொறுக்கி, "ஏலே, இது எங்கன இருந்துல வந்துச்சு?" என்றாள்.

"பிள்ளைங்க விளையாடும்போது போட்டிருக்கும்க்கா," என்றேன். நம்பிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மணலை ருசித்தபோது என் கன்னத்துக்குள் உப்பு நெல்லிக்காய் ஒன்று இருந்தது; நாக்கு ஏற்கெனவே உப்பில் மரத்துக் கிடந்தது.