விறைத்துப்போன குழாய்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நானும் மாமாவும் நலம். உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை மாசமாச்சு! ஆய்வகத்தில் பாட்டில்களோடேயே குடும்பம் நடத்துகிறாயா?

வடிசாலையில் வேலை தலைக்கு மேல். சாராயம் தொட்டிக்குப் போகிற எஃகுக் குழாய் ஒழுகியது என்று, மாமா போன வருஷம் பிளாஸ்டிக் குழாய் மாட்டினார் இல்லையா? "உள்ளே ஓடறது வெளியே தெரியுது பாரு" என்று இன்னும் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். போன வாரம் அதிகாரிகள் வந்து சோதனைக்குச் சில பாட்டில்கள் எடுத்துப் போனார்கள். உங்கள் ஆய்வகத்துக்குத்தான் வருமாம். நம்ம சரக்கு, நல்ல மார்க் போடு!

உன் அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிக்கக்கூட மனசு ஓடவில்லை. பாட்டில்கள் என் மேஜைக்கே வந்தன. பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் எண்ணெய் உங்கள் சரக்கில் இருக்கிறது. அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு. கருவி கோளாறோ என்று மறுபடி பார்த்தேன். அதேதான். கடுஞ்சாராயம் சூடாக ஓடும்போது குழாயிலிருந்து அதை உறிஞ்சிக்கொள்ளும். நிறம் மாறாது. குடித்தவர் உடனே விழவும் மாட்டார். நாள்பட உடம்பின் சுரப்பிகளைக் குழப்பும் என்றுதான் பயம். கர்ப்பிணிகளை நினைத்தால் இன்னும் பயம்.

குழாயைக் கழற்றச் சொல். ஒரு பாட்டில்கூட வெளியே போகக் கூடாது. மாமா தினமும் ருசி பார்ப்பாரே, தடுத்து நிறுத்து அக்கா. காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தம்பி

மார்ச் 17

தம்பி,

நின்றபடியே படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை.

மாமா முதலில் சிரித்தார். "தினம் குடிக்கிறேன், கொம்பா முளைச்சிருக்கு?" என்றார். குழாயைக் கழற்றி வளைத்துப் பார்த்தார். வாங்கும்போது கயிறு மாதிரி வளைந்தது, இப்போது நீ சொன்ன எண்ணெய் இறங்கி விறைத்துப்போய்க் கிடக்கிறது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

ஆனால் தொட்டி நிறையச் சரக்கு இருக்கிறதே! குழாய் மாற்றுமுன் வடித்த பழைய சரக்கோடு கலந்தால் அளவு குறைந்துவிடும் என்கிறார். அதுவரை உன் அறிக்கையை நிறுத்தி வை. இல்லையென்றால் வடிசாலையே போச்சு. அம்மா போனபின் உன்னை இடுப்பில் சுமந்தவள் கேட்கிறேன்.

அக்கா

மார்ச் 20

அக்கா,

கலந்தால் அளவு குறையும், குடிக்கிறவர்கள் கூடுவார்கள்.

"இது என் அக்கா வீட்டுச் சரக்கு, அவளுக்கும் எழுதிவிட்டேன்" என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். இன்னொருவர் சோதித்தார். முடிவு மாறவில்லை. தொட்டிக்கு முத்திரை வைக்க வருவார்கள். உனக்கு எழுதியதற்கு என்னையும் விசாரிப்பார்கள். திட்டியாவது ஒரு வரி எழுது.

தம்பி

ஏப்ரல் 2

தம்பி,

முத்திரை வைத்துவிட்டார்கள். "இனி அவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார் மாமா. பொய் சொல்லமாட்டேன், நானும் அப்போது அதைத்தான் நினைத்தேன்.

விற்ற பாட்டில்களைத் திரும்ப வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் நிறைமாசப் பெண் ஒருத்தி பாதி பாட்டிலை நீட்டினாள். "சளிக்கு வெந்நீரில் கலந்து குடிச்சேன்க்கா. ஏதாவது ஆகுமா?"

"தெரியலையேம்மா, டாக்டரைப் பாரு" என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நீ நான் சொன்னபடி கேட்டிருந்தால் அந்தப் பாட்டிலை முழுசாகக் குடித்திருப்பாளே என்று நினைத்ததும் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாமா சரியாகத் தூங்குவதில்லை. வாய்விட்டுச் சொல்லமாட்டார், பயந்துபோயிருக்கிறார். வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்குப் பரிசோதனை. உன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பிக்கொள்ளட்டும். நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்.

அக்கா