வெறும் முகம் என்று நீ போட்ட படம்

என் அருமைப் பெரியவளுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை பொடிசு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் வலது மணிக்கட்டைத் தவிர. நீ நலமா என்று கேட்கும் வேலையை நீ எனக்கு வைக்கவில்லை, உன் முகத்தைத்தான் ஊரே விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டதே, நன்றாகவே இருக்கிறாய். புருவம் திருத்தித் திருத்தி எனக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது, ஒரு மாதத்துக்கு நூலைத் தொடாதே, பேனாவையும் தொடாதே என்று டாக்டரம்மா கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார். அதனால் நான் வாய்க்கு வந்தபடி பேசுகிறேன், பொடிசு அதைக் கொஞ்சம் நாகரிகமாக்கி எழுதுகிறாள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடமே வேண்டாம் என்று உட்கார்ந்தவள், கையெழுத்தைப் பார், அச்சடித்தது மாதிரி இருக்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். உன்னோடு போனில் பேசமாட்டேன் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் சொன்னேன், சொன்னது சொன்னதுதான். கடிதம் எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

நீ அந்தப் படத்தைப் போட்ட அன்று காலையில் நான் வங்கிக்கார அம்மாவுக்கு முகத்தில் பேக் பூசி, காயட்டும் என்று விசிறிக்கொண்டிருந்தேன். எதிர்க்கடைத் தையல்காரி கழுத்தில் அளவு நாடா தொங்கத் தொங்க, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடிவந்தாள். அக்கா, உங்க பார்லருக்கு உங்க பொண்ணே பூட்டு போட்டுட்டா, வந்து பாருங்க என்றாள். பார்த்தேன். இதுதான் என் முகம், ஒரு துளிகூடப் பூசவில்லை, அழகு என்று சொல்லிப் பெண்களை ஏமாற்றும் கடைகளுக்கு இனி என் முகம் கிடையாது, நீங்களும் உங்கள் வெறும் முகத்தைப் போடுங்கள் தோழிகளே என்று எழுதியிருந்தாய். தையல்காரி அதைச் சத்தம் போட்டு வாசித்தாள், அதுவும் இரண்டு தடவை. வங்கிக்கார அம்மா முகம் இறுகிப்போயிருந்ததால் சிரிக்க முடியாமல் வயிற்றை மட்டும் குலுக்கினார். ஏமாற்றும் கடை என்றாயே, அந்தக் கடையின் பின்னறையில் துவைத்த துண்டு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நீ பரீட்சைக்குப் படித்தாய், தூக்கம் வந்தால் அந்த மூட்டையிலேயே சாய்ந்துகொள்வாய்.

அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் மகளே, நீ யாரை ஏமாற்றப் பார்க்கிறாய்? மனுஷிகளின் முகத்தை அரை அடி தூரத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் பிழைப்பு. இமையின் வேரில் பென்சில் இழுத்திருக்கிறாய், கறுப்பு போட்டால் தெரிந்துவிடும் என்று பழுப்பு போட்டிருக்கிறாய். உதட்டில் சாயம் வைத்து, துடைத்து, மிச்சத்தை மட்டும் நிற்க விட்டிருக்கிறாய். ஏழாவது படிக்கும்போது அம்மை போட்டு மூக்கோரம் ஒரு குழி விழுந்ததே, அது எங்கே போனது, வெளிநாட்டுக் குளிரில் மூடிக்கொண்டதா? முகவாய்க்கு அடியில் நிழலே இல்லை, வெளிச்சம் மேலே அடிக்கட்டும் என்று மடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாய். பூசினதே தெரியாமல் பூசுவது எப்படி என்று இந்தத் தெருவில் சொல்லிக்கொடுக்கிறவள் நான் ஒருத்திதான், அதைக் கற்றுக்கொண்டு போய் என் தலையிலேயே கை வைத்திருக்கிறாய். வேலை சுத்தமாக இருக்கிறது என்று கோபத்துக்கு நடுவில் கொஞ்சம் பெருமையும் வந்தது, அதை மட்டும் எழுதாதே என்று பொடிசிடம் சொன்னேன், எழுதிவிட்டாள் பார்.

ஆனாலும் நான் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நிஜமாகவே ஒண்ணும் போடலையா என்று தையல்காரி கேட்டபோது, ஆமாம், என் வயிற்றில் பிறந்த தோல் அப்படி என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா பள்ளிக்கூட வேனை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தபோது படத்தைக் காட்டினேன், பிள்ளை நல்லாத் தூங்கறா போலிருக்கு என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். பெண்ணியம் என்று நீ எழுதியிருந்த வார்த்தையோடு எனக்குச் சண்டை இல்லை. பூசித்தான் ஆக வேண்டும் என்று ஒருத்தி தலையில் கட்டினால் அது தப்பு, நானும் ஒத்துக்கொள்கிறேன். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடியைப் பார்க்க வருவதில்லை. முக்கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு யாருக்கும் பதில் சொல்லாமல் படுத்திருக்கத்தான் வருகிறார்கள், வீட்டில் அவர்களுக்கு அது கிடைப்பதில்லை. அதையும் உன் பெண்ணியத்தில் ஒரு ஓரமாகச் சேர்த்துக்கொள்.

இப்போது நான் ஏன் கடிதம் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்கிறேன், கவனமாகப் படி. வரும் வெள்ளிக்கிழமை கல்யாணம் ஆகப்போகிற பெண் ஒருத்தி, பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுப்பாளே, அவள்தான், ஆறு மாதத்துக்கு முன்னாலேயே அலங்காரத்துக்கு என்னிடம் சொல்லி வைத்திருந்தாள். போன செவ்வாய்க்கிழமை வந்து எனக்கு அலங்காரம் வேண்டாம் அக்கா, உங்க பொண்ணு சொன்ன மாதிரி வெறும் முகத்தோட மண்டபத்துக்குப் போகப் போறேன் என்றாள். பின்னாலேயே அவள் அம்மா வந்து, உன் பொண்ணு அங்க உக்காந்து தீ வைப்பா, எங்க வீடு எரியணுமா என்று கத்தினாள். கத்தட்டும், கத்துகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் அம்மா கத்தி முடித்து வெளியே போன பிறகு அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளும் உன்னைப் போலவே வெறும் முகத்தைப் படம் எடுத்திருக்கிறாள். நிஜமான வெறும் முகம். அதை உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அக்கா, அவங்களும் ஒண்ணும் போடல, நானும் ஒண்ணும் போடல, அப்புறம் எனக்கு மட்டும் ஏன் இப்படிக் கறுப்பும் திட்டுமா இருக்கு, என் தோல்ல என்ன கோளாறு என்று கேட்டாள். முன்பெல்லாம் பூசின முகத்தைப் பார்த்து, நாம் பூசவில்லை, அதனால் இப்படி என்று மனசைத் தேற்றிக்கொள்வார்கள். நீ அந்த வழியையும் அடைத்துவிட்டாய்.

உண்மையைச் சொன்னால் உன் மானம் போகும், சொல்லாவிட்டால் அந்தப் பெண் கல்யாணத்தன்று கண்ணாடியைப் பார்த்து அழுவாள். நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறாய்? இடது கையால் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, கடை நடுவில் என் முகத்தைக் கழுவிவிட்டேன். பொடிசு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். உனக்கும் தெரியாது, நீ பிறந்த வருஷம் என் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது, காப்பி கொட்டின மாதிரி. முதலில் உன் அப்பாவுக்குப் பயந்து, கடை வைத்த பிறகு அழகு நிலையம் நடத்துகிறவள் முகம் இப்படி இருந்தால் யார் வருவார்கள் என்றும் பயந்து, நீங்கள் எல்லோரும் எழுந்திருப்பதற்கு முன்னால் எழுந்து பூசிவிடுவேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து என் கன்னத்தில் வைத்து, நல்லாப் பாரு, வெறும் முகம்னா இதுதான், உனக்கு ஒரு கோளாறும் இல்லை என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு, அக்கா இது போகாதா என்று கேட்டாள் பார், கல்யாணக் கவலையை விட்டுவிட்டு என் மங்கைப் பற்றி அவளுக்குக் கவலை வந்துவிட்டது. அன்று முழுவதும் நான் எதுவும் பூசிக்கொள்ளவில்லை. சாயங்காலம் உன் அப்பா வந்து என்னை நேருக்கு நேர் பார்த்தார், கன்னத்தை மறைக்க நான் முந்தானையை இழுத்தேன், ஸ்பேனரை எங்கே வைத்தாய் என்று கேட்டார். இருபத்தாறு வருஷமாக நான் யாருக்குப் பயந்தேனோ அந்த மனுஷனுக்கு வித்தியாசமே தெரியவில்லை. உன் மேல் இருந்த கோபத்தில் பாதியை அவர் பக்கம் திருப்பிவிட்டேன்.

ஆகவே என் முடிவு இதுதான். உன் ரகசியம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நீ சோப்புப் போட்டுக் கழுவி, அம்மைக் குழியோடு ஒரு படம் எடுத்து, முதலில் போட்டது பூசியதுதான் என்று நீயே உன் வாயால் சொல்லிப் போட வேண்டும். நாலு பேர் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். போடாதவரை உன் போனை எடுக்கமாட்டேன். போட்டுவிட்டால் அடுத்த நிமிஷம் நானே கூப்பிடுவேன். பெண்ணியம் பேசு, நிறையப் பேசு, பொய்யில்லாமல் பேசு. அங்கே குளிர் அதிகம் என்கிறாய், உதடு வெடித்தால் பிய்க்காதே. அலுவலகத்துக்கு வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போகாதே. இந்தக் கடிதத்தைக் கூரியர் பார்சலில் வைத்து அனுப்புகிறேன், நாலு நாளில் வந்துவிடுமாம், அதில் உனக்குப் பிடித்த அந்தக் கன்னத்துக் கிரீமும் வைத்திருக்கிறேன், கொள்கைக்கு ஒத்துவராவிட்டால் காலில் தடவிக்கொள். நீ எங்கே இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கி, நிமிர்ந்து நடந்து, நூறு வருஷம் நன்றாக இரு. படத்தை மறக்காதே.

இப்படிக்கு,
உன் மேல் இன்னும் கோபமாக இருக்கும்
அம்மா

அக்கா, அம்மா வாசலில் யாரோ வந்ததால் எழுந்து போயிருக்கிறாள், கடிதத்தை ஒட்டிவிடு என்று சொல்லிவிட்டாள். இனி எழுதுவது நான். அம்மாவுக்குக் கை முடியாததால் இப்போது எல்லோருக்கும் புருவம் நான்தான் திருத்துகிறேன். அந்த நேரத்தில் அவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள், என்னை யாரும் பார்க்கமாட்டார்கள், அதனால் எனக்குப் பேச்சு வரும். கல்யாணப் பெண் நேற்று வியாழக்கிழமை மறுபடியும் வந்தாள், கண்ணை மூடிப் படுத்தாள், நான் உன் ரகசியத்தைச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது, தெரிந்தால் என் புருவம் இருக்காது. அந்தப் பெண் கோபப்படவில்லை, கண்ணைத் திறக்காமலே நூல் அறுந்துபோகும் அளவுக்குச் சிரித்தாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருக்கும் சொல்லமாட்டேன், அதுக்குள்ள அவங்களே சொல்லிடட்டும் என்றாள். கல்யாணத்துக்கு நல்ல சிவப்பாக உதட்டுச் சாயம் மட்டும் போட்டுக்கொள்ளப் போகிறாளாம், அவள் அம்மாவுக்கு அது இன்னும் பிடிக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே அக்கா. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்று பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், பயம் எனக்குத் தெரியும். நீ வெளிநாடு போகும்வரை உன் பக்கத்தில்தான் படுத்தேன், வாயோரம் எச்சில் வழிய, தலைமுடி காதுக்குள் போக, விடியற்காலையில் உன் நிஜ முகத்தைத் தினமும் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்து இதுவரை யாரும் செத்துப்போகவில்லை.

பொடிசு