பவளக் கட்டியில் ஆறாவது காசு

ஜூன் 4

மாண்புமிகு அக்கா அவர்களின் சமூகத்துக்கு,

இதனால் யாவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் குளியலறையின் நீல வாளி போன வாரம் முதல் பொதுப்பணியிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டிருக்கிறது. மறு உத்தரவு வரும்வரை குடும்பத்தார் அனைவரும் பழைய பெயிண்ட் டப்பாவில் மொண்டு குளிக்க வேண்டியது.

காரணம், வாளிக்குள் ஒரு ராஜா ஊறிக்கொண்டிருக்கிறார். ஸ்பெயின் நாட்டு ராஜா.

போன வாரம் அப்பா ஒரு படகின் சிக்கிய நங்கூரத்தை விடுவிக்க முங்கியபோது, தேங்காய் அளவில் ஒரு பவளக் கட்டி கையோடு வந்தது. அதில் கரி மாதிரி கறுத்த விளிம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. காசுகள்! ஸ்பெயின் ராஜா காலத்து வெள்ளிக் காசுகளாம். வேறு யாராவது என்றால் வாயை மூடிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தள்ளியிருப்பார்கள். நம் அப்பா கீழே கிடந்த குடைக்கே சொந்தக்காரரைத் தேடுகிறவர். நேரே துறைமுக அலுவலகத்தில் போய்ப் பதிந்துவிட்டார். மதிப்பீட்டாளர் பார்த்து முடிக்கும்வரை நல்ல தண்ணீரில் போட்டு வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லி ரசீது கொடுத்தார்கள்.

அந்த மதிப்பீட்டாளர் நேற்று வந்தார். நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அதைக் கண்ணில் செருகிக்கொண்டு கட்டியை அரைமணி நேரம் பார்த்தார். ஐந்து விளிம்பு என்று எழுதினார். படம் எடுத்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த வாளி எப்பவும் இங்கதான் இருக்குமா?" என்று கேட்டார். நல்ல மனுஷன் கேட்கிற கேள்வியா இது? நீ அருங்காட்சியகத்தில் பழைய உலோகமாகத் துடைத்து வயிறு வளர்க்கிறவள், நீயே சொல். ஒரு காசு வேறு ஆடுகிற பல் மாதிரி ஆடுகிறது. அதன் மேல்தான் அவருக்குக் கண்.

கைப்பேசி இன்னும் அம்மாவின் காவலில். (பள்ளி மணி பத்து நிமிடம் முன்னதாக அடித்த வழக்கு. தண்டனை இரண்டு மாதம்.) அதனால்தான் மையும் தாளும்.

இப்படிக்கு,
துப்பறியும் சிங்கம்

*

ஜூன் 9

அன்புள்ள சிங்கக்குட்டிக்கு,

நலம். உன் நலம் கேட்கவில்லை, கேட்டால் ரெண்டு பக்கம் எழுதுவாய்.

முதல் காரியம், வாளித் தண்ணீரைத் தினம் மாற்று. உப்பு மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். சுத்தியல் தொடாதே. கழிவறை கழுவுகிற ஆசிட் பக்கமே போகாதே. பவளம் கரைகிற வேகத்தில் காசின் முகமும் போய்விடும்.

அவை நிஜமானால் வட்டமாக இருக்காது. வெள்ளிக் கட்டியிலிருந்து கையால் வெட்டி, சுத்தியலால் அடித்த காசுகள் அவை. ஒரு பக்கம் சிலுவை, அதன் மூலைகளில் கோட்டையும் சிங்கமும் (உன் இனம் அல்ல). ஓரத்தில் எந்த நாணயச்சாலை, யார் தரம் பார்த்தார் என்பதற்கு எழுத்துகள். அந்த எழுத்து தெரிந்தால் ஒரு விலை, தேய்ந்திருந்தால் வேறு விலை. இதையெல்லாம் அரைமணி நேரத்தில் பார்ப்பதே அவசரம்தான். அந்த மனிதர் ஜன்னலையும் கதவையும் பார்த்தது உன்னை மாதிரி ஆட்கள் உள்ளே வராமல் இருக்கத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உண்மையைச் சொன்னால் எனக்கு அவர்மேல் சந்தேகமில்லை. உன்மேல்தான். போன வருடம் என் நிச்சயதார்த்த மோதிரப் பெட்டியில் நட்டும் போல்ட்டும் வைத்தவனை எப்படி நம்புவது?

கட்டியை யாரையும் தொடவிடாதே. யாரையும் என்றால் உன்னையும்தான்.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 14

நம்பிக்கையில்லாத அக்காவுக்கு,

பூதக்கண்ணாடி மறுபடி வந்தார். வந்தவர் எண்ணினார், முகம் மாறியது. திரும்ப எண்ணினார். பழைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு மூன்றாம் முறை எண்ணினார். அப்பாவிடம், "கட்டி வாளியை விட்டு வெளிய வந்துச்சா?" என்றார். "தண்ணி மாத்துறதுக்கு மட்டுந்தான் சார்" என்றார் அப்பா. "யார் மாத்துறது?" "எம்பையன்." உடனே என் பக்கம் ஒரு பார்வை. எண்ணத் தெரியாதவரா எண்ணிக்கொண்டே இருப்பார்? கணக்கு போடுகிறார் அக்கா, எதைச் சுருட்டலாம் என்று!

கடைசியில் கட்டியைப் பெட்டியில் வைத்து, முத்திரை ஒட்டி, எடுத்துக்கொண்டே போய்விட்டார். நான் சும்மா விடுவேனா? கடைத்தெரு முழுக்க இரண்டு மணி நேரம் அவர் பின்னாலேயே போனேன். நிழல்கூட அவ்வளவு ஒட்டிப் போகாது. ஆளுக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது.

அவர் திருடினாலும் கவலைப்படாதே. நான் ஒரு பொறி வைத்திருக்கிறேன். என்ன பொறி என்று கேட்காதே, சொன்னால் பொறி கலங்கிவிடும். அப்பாவிடமும் "அந்த ஆளு சரியில்லப்பா" என்று தினம் சொல்லி வைக்கிறேன். முதலில் "சும்மா இருடா" என்றவர் இப்போது "அப்படியாடா?" என்கிறார்.

இப்படிக்கு,
திருடர் குல காலன்

*

ஜூன் 22

தம்பி,

விளையாட்டை எல்லாம் நிறுத்திவிட்டு உட்கார்ந்து படி.

அம்மா போனில் அழுதாள். அப்பாவின் முங்கும் உரிமத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். முப்பதாம் தேதி விசாரணை. கட்டியில் ஆறு காசு இருக்கிறதாம், ஆறாவது போலியாம். கண்டெடுத்தவருக்குச் சட்டப்படி வரும் பங்கைக் கூட்டிக்கொள்ள அப்பாவே ஒட்டியிருப்பார் என்று மதிப்பீட்டாளர் எழுதிவிட்டார். அது உறுதியானால் அப்பா இனி ஜென்மத்துக்கும் தண்ணீரில் இறங்க முடியாது. வேறு என்ன வேலை தெரியும் அவருக்கு?

இன்னொன்று. இரண்டாம் கருத்துக்காகக் கட்டி எங்கே வந்தது தெரியுமா? எங்கள் மேசைக்கு. என் குடும்பத்துப் பொருள் என்று சொல்லி நான் விலகிக்கொண்டேன். என் மேலதிகாரிதான் பார்த்தார். அறிக்கை போய்விட்டது, அதனால் எழுதலாம்.

ஐந்தும் அசல். ஒன்றில் தரம் பார்த்தவரின் எழுத்துகூடத் தெளிவாக இருக்கிறது. ஆறாவதில், ஆடுகிற காசில் இருக்கிற அதே பிளவு, அதே இடத்தில், அதே ஆழத்தில். கையால் வெட்டிய இரண்டு காசு ஒருநாளும் அப்படி அமையாது. கடல் அரித்த வெள்ளி எடை குறைந்திருக்கும். இது அதன் அசலைவிட இரண்டு கிராம் கூடுதல். ஏனென்றால் இது ஈயம். ஒட்டியிருப்பது பவளம் இல்லை, குளியலறை டைல்ஸ் இடுக்கில் பூசுகிற வெள்ளைச் சிமெண்ட்.

ஈயம் யாரிடம் இருக்கும்? முங்குகிறவர் இடுப்புப் பட்டையில் கட்டுகிற எடை. அதனால்தான் அவர்கள் விரல் அப்பாவை நோக்கி நீள்கிறது.

அப்பாவோ, "அந்த ஆளுதான் மாத்திட்டான், நான் விசாரணையில எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன்" என்கிறார். யார் சொல்லிக் கொடுத்த பாட்டு அது?

நீ என்ன பொறி வைத்தாய்?

அக்கா

*

ஜூன் 27

அக்கா,

நான்தான்.

ஆடுகிற காசை எடுத்து, ஓவிய வகுப்புப் பிளாஸ்டரில் அச்செடுத்தேன். அப்பாவின் பட்டையில் ஒரு எடையை உருக்கி ஊற்றினேன். ஷூ பாலிஷ் தடவினேன். அசலை அதன் குழியில் வைத்துவிட்டு, நகலைக் கட்டியின் உச்சியில், கைக்கு எட்டுகிற மாதிரி ஒட்டினேன். திருடுகிறவன் அவசரத்தில் அதைத்தான் பிய்ப்பான், ஈயத்தோடு போவான், நான் கைதட்டிச் சிரிக்கலாம் என்று கணக்கு. அவர் பிய்க்கவே இல்லை. ஐந்து எப்படி ஆறானது என்றுதான் திரும்பத் திரும்ப எண்ணியிருக்கிறார்.

உன் கடிதம் வந்தபோது அப்பா கொல்லையில் ரப்பர் உடுப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். உரிமம் இல்லாதவருக்கு அதைக் கழுவ என்ன அவசியம்? நாலாவது தடவையாகக் கழுவுகிறார்.

"அப்பா, அந்த ஆறாவது காசு என்னுது."

"என்னுதுன்னா?"

"நான் வார்த்தது. உங்க ஈயத்துல."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பட்டையை எடுத்து எடைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "பத்து நாளா அந்த மனுஷனைத் திருடன்னு வாய் கூசாம சொல்லிட்டிருக்கேன்டா" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, "வா" என்றார். அவ்வளவுதான்.

பூதக்கண்ணாடி (மன்னிக்க, மதிப்பீட்டாளர்) வீட்டுக் கூடத்தில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அச்சு, பாலிஷ், சிமெண்ட் உட்பட. அவர் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். முடிந்ததும் அப்பா எழுந்து, "உங்களைத் தப்பா பேசிட்டேன் சார், மன்னிச்சிடுங்க" என்றார். அவர் பேனாவை மூடிவிட்டு, "நானும் உங்களைத் தப்பா எழுதிட்டேன். அது இன்னும் மோசம்" என்றார். திருத்திய அறிக்கை நாளைக்கே போகுமாம். ஆனால் முப்பதாம் தேதி நானும் போய், எல்லார் முன்னாலும் என் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் உரிமம். போவேன். வீட்டில் அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை.

இன்னொரு விஷயம் உன்னிடம் மறைத்திருந்தேன். கிளம்பும்போது அவரே போட்டு உடைத்துவிட்டார். "இந்தத் தம்பியோட எனக்குத் தனிப் பழக்கமே உண்டு" என்றார்.

"எப்படிங்க சார்?" என்றார் அப்பா.

இரண்டு மணி நேரம் பின்தொடர்ந்தேன் என்று எழுதினேனே, அது மொத்தம் பத்து நிமிடம்தான். மூன்றாவது சந்திலேயே அவரைத் தவறவிட்டேன். நாலாவதில் எனக்கே வழி தெரியவில்லை. முழித்துக்கொண்டு நின்றவனை அவர்தான் பார்த்து, சந்து முனையில் நிறுத்தியிருந்த தன் காரில் ஏற்றி வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார். இறங்கும்போது நான், "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று வேறு சொன்னேன். அப்புறம்தான் உள்ளே வந்து உட்கார்ந்து, அவரைத் திருடன் என்று உனக்கு எழுதினேன்.

உன்
தம்பி