பிரம்மநாயகம் போட்ட கம்பிகள்

3 பிப்ரவரி 1987, செவ்வாய்

காலையில் கரண்ட் இல்லை. பதினோரு மணிக்கு வந்தது. பின்னாலேயே மாட்டுங்காவிலிருந்து பஞ்சாபகேசன் சாரும் வந்தார், கையில் ஒரு ஸ்கேனரோடு. விமானம், துறைமுகம் என்று பத்துச் சேனலையும் தானாகவே தாவித் தாவிக் கேட்கும் ரேடியோ. கோவண்டியில் ஒரு பழைய சாமான் கடையில் பிடித்தாராம். யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள். சேனல் மாறும்போதெல்லாம் கீச் கீச்சென்று கத்துகிறது. பட்டன்கள் மேல் அரால்டைட் பசை சொட்டுச் சொட்டாக உறைந்து கிடக்கிறது. சார் கம்பெனிப் புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தார்.

"இதுல போட்டிருக்கறபடியே இருக்கணும், பாய். ஒரு கம்பி ஜாஸ்தி இருக்கப்படாது."

இப்படிப் பேசுகிற வாடிக்கையாளர் கிடைப்பதே அபூர்வம்.

மூடியைத் திறந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிள் வால்வு டியூபைப் பொடிப்பொடியாக நறுக்கி கம்பி பற்றவைத்த ஒவ்வொரு இடத்துக்கும் சட்டை போட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்து பம்பாயில் இப்படிச் செய்கிறவன் ஒருவன்தான். பிரம்மநாயகம். பதினோரு வருஷம் இதே கடையில் எனக்கு எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து ரேடியோ ரிப்பேர் பார்த்தவன். நாலு வருஷமாகப் பேச்சில்லை.

ஆள் மாறவே இல்லை.

4 பிப்ரவரி, புதன்

செட்டைத் தொடவில்லை. பழைய சண்டைதான் மனசில் ஓடியது.

பிரம்மநாயகம் நல்லா இருக்கிற ரேடியோவையும் சும்மா விடமாட்டான். 'இன்னும் நல்லா ஆக்குதேன்' என்று எதையாவது கூட்டுவான், குறைப்பான். ஒருநாள் ஒரு சேட்டின் ரேடியோகிராமில் கைவைத்து, அவர் வந்து கத்தினார். நான் கடை நிறைய ஆள் இருக்கும்போதே சொன்னேன்: "நீரு மெக்கானிக் இல்லவே, வித்தை காட்டுறவன்." அவன் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை ஆறவிட்டு, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

சொன்னது சரிதான். சொன்ன இடம்தான் தப்பு. அதையும் இந்த டைரியில் மட்டும்தான் ஒத்துக்கொள்வேன்.

5 பிப்ரவரி, வியாழன்

முடித்தேன். எதைக் கழற்றினாலும் முதலில் படம் வரைந்துகொள்வது என் பழக்கம். இதற்கு வரையவில்லை. குப்பைக்குப் படம் எதற்கு? அவன் ஒட்டவைத்திருந்த விரல் நீளச் சர்க்யூட் பலகை, பதினாலு கம்பி, வால்வு டியூப் சட்டைகள், எல்லாவற்றையும் பிடுங்கி, பழைய சாமான் பிரிக்கும் பதிமூன்றாவது காம்பவுண்டுக்குப் போகும் பழைய சாமான்காரர் சாக்கில் போட்டேன். பட்டன் மேல் இருந்த பசைச் சொட்டுகளைப் பொடி அரத்தால் தேய்த்து வழவழவென்று ஆக்கினேன். கம்பெனி வேலையே தோற்றது. ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு வேலை இவ்வளவு இனித்தது. ஏன் என்று எனக்கே தெரியும்.

7 பிப்ரவரி, சனி

சார் வந்து வாங்கிக்கொண்டு போனார். "பேஷ்" என்றார்.

12 பிப்ரவரி, வியாழன்

முப்பிடாதியம்மாள் வந்தாள். பிரம்மநாயகத்தின் மனைவி. நாலு வருஷத்தில் ஆளே பாதியாகிவிட்டாள். கடைக்குள் ஏறாமல் வாசலிலேயே நின்றாள். நான்தான் "உள்ள வா தங்கச்சி" என்றேன்.

"அண்ணாச்சி, ஒரு பொட்டி இங்க வந்துச்சாமே? கோவண்டிக் கடைக்காரன் சொன்னான். மாட்டுங்கா சாரு வாங்கி ஒங்ககிட்டதான் குடுத்திருக்காராம்."

கால் புண்ணுக்காகப் பிரம்மநாயகம் ஒரு மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்தானாம். திரும்ப மாட்டான் என்று மகன் முடிவுகட்டி, பழைய சாமானோடு அதையும் விற்றுவிட்டான். மனுஷன் திரும்பிவிட்டான். வந்ததும் கேட்டது அந்தப் பெட்டியைத்தான்.

"அதுல கீச்சு கீச்சுன்னு சத்தம் வருமே, எதுக்கு?" என்று கேட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அவுகளுக்குத்தான் ரெண்டு கண்ணும் போச்சே, அண்ணாச்சி. ஒங்களுக்குத் தெரியாதா? பார்வை மங்கிட்டு வாரப்பவே அவுகளா செஞ்சு வச்சது. சத்தத்தை வச்சுத்தான் எந்த நம்பருன்னு கண்டுக்கிடுவாக. பட்டன்ல பொட்டுப் பொட்டா வச்சிருப்பாக, தடவிப் பாக்கதுக்கு. பகல் பூரா பிளேன்காரன் பேசுததைத்தான் கேட்டுட்டுக் கெடப்பாக. வேற என்ன இருக்கு அவுகளுக்கு?"

நான் அரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேஜை மேலேயே கிடந்தது.

சர்க்கரையில் அவன் கண் மங்குகிறது என்று போன வருஷமே யாரோ சொன்னார்கள். கண்ணாடி போட்டுக்கொள்வான் என்று நினைத்தேன். போய்ப் பார்த்திருக்கலாம். அவன் இருக்கிற கோவண்டி என்ன சீமையிலா இருக்கு? ஒரு பஸ். ஒரே ஒரு பஸ்சு.

"ரெண்டு வாரத்துல கொண்டாந்து தாரேன்" என்று அனுப்பினேன். நான்தான் பிடுங்கினேன் என்று சொல்லவில்லை.

13 பிப்ரவரி, வெள்ளி

கடை திறக்கவில்லை. பதிமூன்றாவது காம்பவுண்டுக்குப் போனேன். பழைய சாமான்காரர் சிரித்தார். கம்பியெல்லாம் அன்றைக்கே எரித்துச் செம்பு எடுத்தாகிவிட்டதாம். பலகையைப் பற்றிக் கேட்டதற்கு, மலைமாதிரி கிடந்த குவியலைக் காட்டினார். தொழுகை நேரம் வரைக்கும் கிளறினேன். கிடைக்கவில்லை.

அங்கிருந்து மாட்டுங்கா. நடந்ததைப் பஞ்சாபகேசன் சாரிடம் ஒளிக்காமல் சொன்னேன். சார் செட்டைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"எடுத்துண்டு போங்கோ, பாய். எனக்கு இது பொழுதுபோக்கு. நான் சொல்லித்தானே கழட்டினேள்? எனக்கும் இதுல பங்கு உண்டு."

அவருக்குப் பங்கில்லை. அவர் கழற்றத்தான் சொன்னார். சந்தோஷப்படச் சொல்லவில்லை.

16 பிப்ரவரி, திங்கள்

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஒரு தாள், ஒரு பென்சில், அரைமணி நேரம். படம் வரைந்திருந்தால் இன்றைக்கு இந்தப் பாடு இல்லை. எந்தக் கம்பியை எங்கிருந்து எடுத்தான்? ஞாபகத்தில் ஒன்றுமே இல்லை. பார்த்தால்தானே ஞாபகம் இருக்கும்?

20 பிப்ரவரி, வெள்ளி

நானாகவே ஒரு பலகை கட்டிவிட்டேன். சேனல் மாறினால் சத்தம் வருகிறது. நல்ல தெளிவான சத்தம். எந்தப் பட்டனில் எத்தனை பொட்டு என்று ஞாபகமில்லை; அதை விட்டுவிட்டேன்.

22 பிப்ரவரி, ஞாயிறு

கோவண்டி.

கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என் குரல் கேட்டதும் முகம் என் பக்கம் திரும்பியது, கொஞ்சம் தள்ளி. "ஜெயினுவா? வாரும்வே" என்றான். நேற்றுத்தான் பிரிந்தவன்போல.

செட்டை அவன் மடியில் வைத்தேன். பட்டன் மேல் விரலை ஓட்டினான். மறுபடி ஓட்டினான்.

"பொட்டு எங்க?"

"தேச்சுட்டேன்."

"யாரு?"

"நாந்தான். உள்ள உள்ளதையும் நாந்தான் பிடுங்கினேன். உம்ம வேலைன்னு தெரிஞ்சுதான் பிடுங்கினேன்."

முப்பிடாதியம்மாள் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் செட்டைப் போட்டான். நான் கட்டிய சத்தம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை கேட்டான்.

"எல்லாம் ஒரே குரல்ல கத்துதே. எது எதுன்னு எப்படிவே தெரியும்? என்னதுல ஒண்ணுக்கு ஒண்ணு சுதி ஏறும்லா?"

ஏறியதா? அந்தச் செட்டு வந்த அன்றைக்கு என் மேஜையிலேயே கத்தியது. நான் கேட்கவே இல்லை.

"சரி பண்ணித் தாரேன்" என்றேன். "கடைக்கு வாரும்வே. பழையபடி என் பக்கத்துல இரும். நீரு சொல்லச் சொல்ல நான் பத்தவைக்கேன்." அழுதுவிட்டேன். அவன் கண்ணுக்குத் தெரியாதே என்று வேறு நினைத்தேன். அதுவும் ஒரு கேவலம்.

செட்டை அணைத்துவிட்டுச் சொன்னான்: "கண்ணு போனப்ப நீரு வரல. பொட்டி போனப்ப வந்திருக்கீரு."

செட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

1 மார்ச், ஞாயிறு

போகவில்லை. போக முகமில்லை.

6 மார்ச், வெள்ளி

பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்த் திரும்பினேன்.

13 மார்ச், வெள்ளி

போனேன். தூங்குகிறான் என்றாள் முப்பிடாதியம்மாள். உள்ளே இருமல் கேட்டது. வாங்கிப்போன ஆரஞ்சை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

20 மார்ச், வெள்ளி

தொழுகை முடிந்து கோவண்டி போனேன். தெருவிலிருந்தே சத்தம் கேட்டது. கீழிருந்து மேலே பத்தும் படிப்படியாக ஏறியது. அப்புறம் கரகரவென்று ஒரு பைலட் குரல்.

தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சூட்டுக்கோல், நறுக்கிய வால்வு டியூப். முப்பிடாதியம்மாள் இடது கை விரலில் துணி சுற்றியிருந்தாள்.

"ஒரு மாசமா எங்களுக்கு இதே சோலிதான், அண்ணாச்சி" என்றாள். "எது செவப்புக் கம்பி, எது மஞ்சன்னு நான் சொல்லுவேன், அவுக பத்தவைப்பாக. ரெண்டு தடவை சுட்டுக்கிட்டேன்." சொல்லும்போது சிரித்தாள்.

நான் கட்டிய பலகை ஜன்னலோரம் தனியாகக் கிடந்தது. ஒரு கம்பிகூட ஒடியாமல் பதமாகக் கழற்றியிருந்தான்.

உட்காரச் சொன்னான். டீ வந்தது. எந்த விமானம் எத்தனை மணிக்கு இறங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மூடி சரியாகப் பொருந்தாமல் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. அழுத்திவிடலாம் என்று கையை நீட்டினேன். எப்படித்தான் தெரிந்ததோ.

"அது கெடக்கட்டும்வே" என்றான். "டீயைக் குடியும்."