நம் காரில் கடலுக்குப் போன சிங்கி இறால்

நேற்றைய மழையில் காரின் பின்பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. விரிப்பை எடுத்து வெயிலில் போட்டபோது ஈரச் சாக்கின் உப்பு வாடை எழுந்தது. வேறு எதன் வாடையாகவும் இருக்கலாம். ஆண்டுகள் பல ஆகிவிட்டன. நீ இறந்துபோன பிறகு, சான்றில்லாத சிலவற்றையும் ஏற்றுக்கொள்ளப் பழகிவிட்டேன்.

அந்தச் சாக்கு காரில் ஏறிய நாளின் காலையில், திண்டுக்கல் பேகம்பூரில் இருந்த உன் ஓட்டலின் பின்கட்டுக்கு என்னை வரச்சொன்னாய். கல்யாண விருந்து ஒன்றுக்காகத் தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூரிலிருந்து சிங்கி இறால்கள் உயிரோடு வந்திருந்தன. ஒன்றைத் தூக்கிப் புரட்டிக் காட்டினாய்.

"ஏலே வக்கீலு, வயித்தப் பாரு. அம்புட்டும் முட்டை. சட்டம் என்னாங்குது?"

குறிப்பிட்ட எடைக்குக் குறைந்த சிங்கியை ஏற்றுமதி செய்யத் தடை உண்டு என்றும், நம் ஊர் அடுப்படி பற்றி அந்த ஆணை, நான் அறிந்த வரையில், ஒன்றும் சொல்லவில்லை என்றும் விளக்கினேன்.

"சட்டம் சொல்லல. அந்த ஊரு சொல்லுதே."

அந்த ஊரின் கதையை நீதான் எனக்குச் சொல்லியிருந்தாய். ஒரு காலத்தில் சிங்கியை அங்கே யாரும் பெரிதாக மதிக்கவில்லை. வலையைக் கிழிக்கும் தொல்லை என்று தூண்டிலுக்கு இரையாக்கினார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரிகள் கரையில் வந்து நின்ற பிறகு, சிங்கிக்கென்றே தனி வலை வந்தது. குஞ்சு, சினை என்ற பேதமில்லாமல் அள்ளினார்கள். பாறைப் பொந்துகள் வெறுமையானபோது ஊர் கூடி ஒரு முடிவெடுத்தது. சினைச் சிங்கி வலையில் ஏறினால், அதன் வால் விசிறியில் சிறு வெட்டுப் போட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். வெட்டுள்ளதை முட்டை இல்லாத காலத்திலும் யாரும் பிடிக்கக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லை. பெட்டி கட்டிய எவரோ கவனிக்காததால் உன் கையிலிருந்த இந்தச் சினைச் சிங்கி மட்டும் தவறி வந்துவிட்டது.

"நாம ஆக்கித் தின்னுட்டோம்னு தெரிஞ்சா, நாளைக்கு எவன் மாப்ள கடல்ல விடுவான்? வண்டிய எடு."

எடுத்தேன். கடல்நீரில் நனைந்த சாக்கில் அதைச் சுற்றி, பக்கத்தில் காகிதம் சுற்றிய ஐஸ் பாட்டில்களை அடுக்கினாய். அருப்புக்கோட்டை தாண்டி டீ குடிக்க நிறுத்தி, பின்பெட்டியைத் திறந்து பார்த்தோம். மீசை அசைந்தது. கடைக்கார அம்மா இரக்கப்பட்டு ஒரு செம்புத் தண்ணீரோடு வந்துவிட்டார். நீ டீ கிளாஸைப் போட்டுவிட்டுக் குறுக்கே பாய்ந்தாய்.

"ஆத்தா, ஊத்திராதீக! நல்ல தண்ணி பட்டா செத்துப்போகும்!"

"தண்ணி பட்டுச் சாகுற சீவன எங்கய்யா புடிச்சீக? அதுக்கு டீ வேணா போடவா?"

அதன்பின் வண்டியில் நீ திரும்பித் திரும்பிப் பின்பெட்டிப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். அது செத்துவிட்டால் நம் பயணத்துக்குப் பொருளில்லை என்று இருவருக்கும் தெரியும்.

கரையில் ஊர்த்தலைவர் அதை வாங்கி வாலில் வெட்டுப் போட்டார். அது துள்ளியது. "இதுக்காகவா இம்புட்டுத் தூரம்?" என்றார்.

"வழி தெரியாம எங்க ஊருக்கு வந்திருச்சு. வீட்ல விட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்," என்றாய்.

படகில் போய்ப் பாறைப் பக்கமாக அதை இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அது பிழைத்ததா என்பதை நாம் அறியோம். அறிந்ததாக நான் எழுதவும் மாட்டேன்.

சென்ற மாதம் அந்த ஊரார் என்னை அழைத்திருந்தார்கள். பக்கத்து ஊர்களும் சேர விரும்புவதால், விதியை எழுத்தில் வைக்கச் சொன்னார்கள். வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும் என்று ஒரு வாசகம் சேர்த்தேன். பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர் எழுந்து, "நாங்க விட்டுருவோம். உங்க திண்டுக்கல் ஓட்டல்காரங்க ஒத்துக்குவாங்கன்னு என்ன உத்தரவாதம்?" என்று கேட்டார்.

நான் அந்த வாசகத்தை மறுபடி படிக்கத் தொடங்கினேன். இப்போது தள்ளாடி நடக்கும் அந்தத் தலைவர் முந்திக்கொண்டார்: "அவுக ஒத்துக்குவாக தம்பி. காருல கொண்டாந்து விட்டுட்டுப் போன ஆளுக."

உன்னோடு என்னையும் சேர்த்து, அவர் பன்மையில்தான் சொன்னார். இளைஞர் கையெழுத்திட்டார், மற்றவர்களும் இட்டார்கள். எத்தனையோ பேருக்கு நான் பிணை கேட்டு வாதாடியிருக்கிறேன். எனக்காக ஒருவர் பிணை நின்றது அன்றுதான். அந்த நம்பிக்கையைச் சம்பாதித்தவன் நீ. இப்போது உன் ஓட்டலை நடத்தும் உன் மகளிடம் ஊர் திரும்பியதும் அதைச் சொன்னேன். அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் காப்பது இனி எங்கள் இருவரின் பொறுப்பு.